தோட்டத்துக் கேம்புக்குப் போகும் வழியைத் திறந்துவிடுங்கள்: மொரிசியஸின் சுற்றுலா, பாரம்பரியத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தீவின் தென்பகுதியிலுள்ள ஒரு பழைய கரும்புத் தோட்ட மாளிகையின் வாயிலில் நடந்ததை உங்களுக்கு ஏற்கெனவே எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறோம். முறையீடு கிடைத்ததாக ஒரு வரிப் பதில் வந்தது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. ஆகவே இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மாளிகையின் பெயரையோ அதை நடத்துபவர்களின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியின்படியே நடந்துகொண்டார்கள். அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால்தான் இம்மடல் உங்களுக்கு வருகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றே. பழைய தோட்ட மாளிகை ஒன்றைச் சுற்றுலாத் தலமாக நடத்த அனுமதி வழங்கும்போதும், அந்த அனுமதியைப் புதுப்பிக்கும்போதும், அதைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போதும், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த கேம்பும், அவர்கள் வைத்து வணங்கிய கோயிலும், அவர்களை அடக்கம் செய்த இடமும் மாளிகையோடு சேர்த்தே அளந்து பதியப்பட வேண்டும். அங்கே வழிபடப் போகிறவர்களுக்கு வழி கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும்.

அன்று நடந்ததை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் முறையீட்டை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், தம் மகளோடும் அண்டை வீட்டார் சிலரோடும் கஞ்சிக் குடம் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அந்தத் தோட்டத்துக் கேம்பிலேயே பிறந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேல் அதே தோட்டத்தில் களை கொத்தியும் கல் பொறுக்கியும் உரம் தூவியும் உழைத்தவர். அவருடைய கணவர் ஆலையில் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கை தள்ளியவர். ஆலை மூடப்பட்டது, கேம்ப் இடிக்கப்பட்டது, ஆனால் கேம்பின் ஓரத்தில் புளியமரத்தடியில் இருக்கும் கருங்கல் திட்டு அப்படியே இருக்கிறது. அதன்மேல் மஞ்சள் பூசிய மூன்று கற்கள்: நடுவில் மாரியம்மன், ஒரு பக்கம் மதுரைவீரன், மறுபக்கம் முனீஸ்வரன். அந்த அம்மாளின் பாட்டனார் காலத்திலிருந்தே ஆடியில் அங்கே கஞ்சி படைத்து வருகிறார்கள். இங்கே ஆடி என்பது குளிர்காலம்; அன்று தென்கிழக்குக் காற்றோடு தூறலும் இருந்தது.

வாயிலில் நுழைவுச்சீட்டு கேட்டார்கள். மகள் எல்லோருக்கும் பணம் கட்ட முன்வந்தார். அடுத்து, வெளியிலிருந்து உணவு கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அதற்கும் அடுத்து, தோட்டத்தில் எங்கும் தீ மூட்டக் கூடாது என்பதால் கற்பூரம் ஏற்ற முடியாது என்றார்கள்; அன்று மாலை புல்வெளியில் ஒரு திருமண விருந்து ஏற்பாடாகியிருந்ததால் அந்தப் பக்கம் போகவே கூடாது என்றும் சொன்னார்கள். வாயிற்காவலர் அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பையன்தான். "மெமே (பாட்டி), நான் என்ன செய்யட்டும், எனக்குச் சொல்லியிருப்பது இதுதான்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேலாளர் வரும்வரை அந்த அம்மாள் தூறலில் நின்றார். மேலாளர் மரியாதையாகவே பேசினார். இருவரை மட்டும் வழிகாட்டி ஒருவரோடு உள்ளே அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் குடத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். வேப்பிலை கட்டிய அந்தப் பித்தளைக் குடம் சீட்டு கொடுக்கும் மேசையில், விளம்பரத் தாள்களுக்கும் விருந்தினர் கருத்துப் பதிவேட்டுக்கும் நடுவில் இருந்தது. அம்மாளின் மணிக்கட்டில், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டுவது போன்ற ஒரு காகிதப் பட்டையைக் கட்டினார்கள். அவர் போய்க் கற்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். படைக்காத கஞ்சியைக் குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது வந்தபடியே வீட்டுக்குத் திரும்பியது.

தாம் பிறந்த இடத்தில், தம் பாட்டனார் நட்டு வணங்கிய கல்லின் முன்னால் நிற்பதற்கு ஒருவர் பார்வையாளராகச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் உங்களுக்கும் அதே வேதனை ஏற்பட்டிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அதே மாளிகையின் முன்னால் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டில் கட்டியது, எந்த மரத்தால் கட்டியது, கூரைக்கு மரச்சில்லு வேய்ந்தது எப்படி, தாழ்வாரத்துத் தூண்களை எங்கிருந்து வரவழைத்தார்கள், யாரிடமிருந்து யார் விலைக்கு வாங்கினார்கள் என்றெல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விரிவாக எழுதியிருக்கிறது. உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: இந்தியக் கூலிகள் பலர் இத்தோட்டத்தில் வேலை செய்தனர். யார், எங்கிருந்து, எத்தனை குடும்பங்கள், எங்கே படுத்து எழுந்தார்கள் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

இந்தத் தீவின் வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கரும்பை டச்சுக்காரர் பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவந்தார்கள். 1710இல் அவர்கள் விட்டுப்போனபின் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். லா பூர்டொனே ஆளுநராக இருந்த காலத்தில் போர்ட் லூயியைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வரவழைக்கப்பட்டார்கள். அவருடைய சிலை இன்றும் துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. அதைப் பயணிகள் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளோடு தோளுக்குத் தோள் நின்று கல் செதுக்கிய எங்கள் கொத்தர்களின் பெயர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை. 1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினார்கள். 1825இல் மொரிசியஸ் சர்க்கரைக்குப் பிரிட்டன் தன் நாட்டில் விதித்த சுங்கவரியைக் குறைத்தபிறகு தீவு முழுதும் கரும்புக் காடாயிற்று. நாம் இன்று அழகு என்று காட்டும் மாளிகைகளில் பெரும்பாலானவை அந்தச் சர்க்கரைப் பணத்தில் எழுந்தவை. மோகாவின் யுரேகா 1830ஐச் சேர்ந்தது. மாப்புவில் உள்ள லபூர்டொனே மாளிகை 1859ஐச் சேர்ந்தது. ஒபினோ 1872ஐச் சேர்ந்தது. அவை அழகானவைதாம், அதை நான் மறுக்கவில்லை. ஓய்வு நாட்களில் என் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவற்றில் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். அந்த அழகுக்குப் பின்னால் 1835 வரை அடிமைகளும், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளும் இருந்தார்கள் என்பதையும் அதே இடத்தில் அவர்களுக்குச் சொல்ல முடிய வேண்டும் என்பதே என் ஆசை.

1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பலில் வந்திறங்கிய 36 பேரைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் அரசு விடுமுறை நாளில் உரையாற்றுகிறீர்கள். அவர்களுக்குப் பின்னால் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய்க் கூலி, ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம், தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு, சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை. இவர்கள் பொறுக்கியெடுத்த கருங்கற்கள்தாம் இன்றும் கரும்புக் காடுகளுக்கு நடுவே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நெடுஞ்சாலையில் போகும் பயணிகள் அவற்றைப் பார்த்து வியந்து கேட்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள்.

மாளிகைகள் நின்றன, கேம்புகள் நிற்கவில்லை. இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று சொன்னால் நியாயமாகாது. கூலிகளின் குடிசைகள் வைக்கோலாலும் கரும்புத் தோகையாலும் மரத்தாலும் ஆனவை. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தபோது அவற்றில் பெரும்பாலானவை ஒரே இரவில் போய்விட்டன. அதன்பிறகுதான் மக்கள் சிமெண்டுக் கல் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குப் பிந்தைய அழிவு வேறு வகையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தொடங்கிச் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2019இல் மெதின் ஆலையும் நின்றபின் தீவில் மூன்று ஆலைகள்தாம் மிச்சம். வி.ஆர்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் தொழிலாளருக்குப் பணமும் ஒரு துண்டு நிலமும் கொடுத்து அனுப்பினார்கள். கரும்பு விளைந்த நிலத்தில் 2002 முதல் வெளிநாட்டாருக்கு மாளிகை கட்டி விற்கும் திட்டங்கள் வந்தன. நிலத்தை அளக்கும்போது கேம்பும் கோயிலும் கல்லறையும் வரைபடத்தில் வெற்றிடமாகவே காட்டப்பட்டன, ஏனென்றால் அவற்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்பதை மிகுந்த பணிவோடு சொல்கிறேன்.

முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. கப்பலில் வந்த கூலிகளை இறக்கித் தங்கவைத்த, துறைமுகத்தில் பாழடைந்து கிடந்த குடிபெயர்ந்தோர் கிடங்கை மீட்டு, அப்ரவாசி காட் என்ற பெயரில் 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினீர்கள். அங்கே எஞ்சியிருக்கும் கல் படிகளில் கால் வைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலைக்கு 2008இல் அதே சிறப்புக் கிடைத்தது. அந்த மலையை வெறும் கடற்கரைக் காட்சியாக மட்டும் இனி யாரும் விற்க முடியாது. திரியனோனில் கருங்கல்லால் வளைவாகக் கட்டிய பழைய கூலிகள் குடியிருப்பு பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது. போ பிளானில் 1999இல் நின்றுபோன ஆலையை அருங்காட்சியகமாக்கியபோது, இயந்திரங்களோடு அடிமைமுறையின் வரலாற்றையும் பயணிகள் முன் வைத்தார்கள். அதனால் கூட்டம் குறைந்துவிடவில்லை. ஆலைகளின் புகைபோக்கிகள் பல பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. புகைபோக்கியைப் பாதுகாக்க முடியுமானால், அதன் அடியில் நின்று சக்கை தள்ளியவர்களின் குலதெய்வத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையையும் பாதுகாக்க முடியும்.

பெயர்கள் தெரியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடிபெயர்ந்தோர் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். 1860களுக்குப் பிந்தைய பலருக்குப் புகைப்படமும் உண்டு. தஞ்சாவூர், தென்னாற்காடு, சேலம், விசாகப்பட்டினம் என்று ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்கார எழுத்தர்களின் காதில் விழுந்தபடி கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தாலும், கொஞ்சம் பொறுமையோடு பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். என் மாணவர்களில் சிலர் தங்கள் கொள்ளுப்பாட்டனாரின் முகத்தை முதன்முதலாக அங்கேதான் பார்த்தார்கள். ஒரு தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களைத் தொகுத்து, உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் பொறிப்பதற்கு வேண்டியது உங்கள் உத்தரவு ஒன்றுதான்.

இதோடு தொடர்புடைய மனக்குறைகள் வேறு சிலவும் உண்டு; சொல்லாமல் விட மனம் வரவில்லை. தைப்பூசத்தன்று காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்து ஏறுபவர்களின் படம் விமான நிலையம் வரை விளம்பரமாகத் தொங்குகிறது. அலகு குத்திய முகம் நாட்டின் வண்ணமயமான பண்பாடாகிறது. ஆனால் அதே மக்கள் தங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் போக வழி கேட்டால், அது தனியார் நிலம் என்ற பதில் கிடைக்கிறது. கடலோரத்திலும் இதே நிலைமைதான். கரையை ஒட்டிய 81 மீட்டர் அகலப் பட்டை பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அரசு நிலமாக ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி இன்று விடுதிகளின் குத்தகையில் இருக்கிறது. மீன்பிடிப்பவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு வரும் குடும்பங்களும் இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்து வழியைத் தேடிப்பிடித்துக் கடலுக்குப் போகிறார்கள். 1998இல் ரூபாய்த் தாள்களில் மொழிகளின் வரிசை மாற்றப்பட்டு, தமிழ் இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டபோது என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழர்கள் வீதிக்கு வந்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, முன்பிருந்த வரிசைப்படியே மறுபடி அச்சிட்டது. தவறென்று தெரிந்ததும் திருத்திக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வீதிக்கு வந்தால்தான் செவிசாய்ப்பீர்கள் என்ற எண்ணம் எங்கள் இளைஞர்களுக்கு ஏற்பட வேண்டாம்.

கேம்பில் தமிழர் மட்டும் இருக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். போஜ்புரி பேசியவர்களின் காளிமாயி மேடைகளும், தெலுங்கர், மராத்தியர் வழிபட்ட இடங்களும், அவர்களுக்கு முன்பே அங்கே உழைத்து மடிந்த அடிமைகளின் பெயரில்லாப் புதைகுழிகளும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. எங்கள் கோரிக்கை அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். எங்கள் மூன்று கற்களுக்கு மட்டும் வழி திறந்து, பக்கத்துத் தோட்டத்தில் வேறொரு குடும்பம் வாயிலில் நின்றால் அது எங்களுக்கு வெற்றியாகாது.

எனவே மறுபடியும் வேண்டுகிறேன்: தொழிலாளர் வாழ்ந்த இடத்தையும் வணங்கிய இடத்தையும் அடங்கிய இடத்தையும் மாளிகையோடு சேர்த்துப் பதியுங்கள், அங்கே போகும் வழியைக் கட்டணமின்றித் திறந்துவையுங்கள், இந்த இரண்டும் இல்லாமல் எந்த அனுமதியையும் புதுப்பிக்காதீர்கள். மாளிகைகளை நடத்துபவர்களுக்கு இதனால் நட்டம் வராது. விழா நாட்கள் எவை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோம். திருமண விருந்து இருந்தால் விடியற்காலையிலேயே வந்து வழிபட்டுவிட்டுப் போகிறோம். தீக்கு அஞ்சுகிறார்கள் என்றால் கற்பூரத்தைக் கல் திட்டின்மேல் தட்டில் வைத்து ஏற்றி, அணையும்வரை பக்கத்திலேயே நிற்கிறோம். இவையெல்லாம் உட்கார்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய விஷயங்கள். இதுவரை எங்களை யாரும் உட்கார அழைக்கவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

பதியும் வேலையைத் தெற்கிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. அங்கே கேம்புகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த வரிசையில் யார் வீடு இருந்தது, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, சர்தார் என்ற மேற்பார்வையாளர் எங்கே நின்று பெயர் கூப்பிட்டார், குழந்தைகளை எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று அவர்களால் கை நீட்டிக் காட்ட முடியும். அவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள், தள்ளிப்போட நேரமில்லை. நில அளவையாளர் வரும் நாளை ஒரு வாரத்துக்கு முன் தெரிவித்தால் போதும். அவர்களை அழைத்துவருவதையும், அவர்கள் கிரியோலிலும் தமிழிலும் சொல்வதை எழுதிக் கொடுப்பதையும் எங்கள் ஊர்க் கோயில் சங்கத்தார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆடிக்கு முன்பாக, அந்த மாளிகையின் வழியைப் பற்றி மட்டுமாவது உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மொரிசியஸ்